பூங்காவில் ஒரு வாங்கு

சென்ற சனிக்கிழமை மாலை, திருத்தி முடிக்கவேண்டிய அச்சுப்படிகளை மேசைமீது அப்படியே விட்டுவிட்டு, கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகளையும் அவளுடைய இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு சிறுவர் பூங்காவுக்குச் சென்றேன். இலக்கியப் பகுதியின் ஆசிரியர் தமது பத்தியிலே பூங்காவுக்குப் போன கதையையா எழுதுவது என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். கவிதையைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் வாரந்தோறும் பேசுகிறோம். அவற்றை நாளை படிக்கப்போகிறவர்களும் எழுதப்போகிறவர்களும் இன்று எங்கே விளையாடுகிறார்கள் என்று ஒரு வாரமாவது பார்ப்பது தவறாகாது என்ற துணிவில் இதனை எழுதுகிறேன்.

அது பெரிய பூங்காவன்று. வாசலில் ஒரு தகரக் கொட்டகை. அதனுள்ளே இருந்து சீட்டு விற்கும் ஒரு பெண். உள்ளே நான்கைந்து வேப்பமரங்கள், ஊஞ்சல்கள் சில, சறுக்குப் பலகைகள் இரண்டு, எட்டுக் குதிரைகள் பூட்டிய ஒரு குடைராட்டினம், தகரத்தாற் செய்த ஒரு சிறு புகைவண்டி. அவ்வளவே. குதிரைகளின் வர்ணம் உப்புக்காற்றில் உரிந்திருந்தது. புகைவண்டி புகை விடுவதில்லை. இரண்டு வேப்பமரங்களைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். மதிலோரத்தில் ஒரு ஆச்சி கச்சான் விற்றுக்கொண்டிருந்தார். தும்புமுட்டாசுக்காரர் ஒருவர் மணியடித்தபடி நின்றார். ஒலிபெருக்கி இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, அடுத்தவரை விலத்திக்கொண்டு ஓடவேண்டிய அவசியமும் இல்லை.

நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நான்கு விளையாட்டுக்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், ஐந்தரை மணி பஸ்ஸுக்கு வீடு திரும்பினால், விளக்கு வைத்தபின் அச்சுப்படிகளை முடித்துவிடலாம். இந்தக் கணக்கு முதலாவது இடத்திலேயே பிழைத்துப் போயிற்று. ஆறு வயதுப் பேரன் குடைராட்டினத்தின் முன்னே நின்றான், ஏறவில்லை. குனிந்து அதன் அடிப்பலகையின் கீழே பார்த்தான்.

"அம்மப்பா, இது எப்பிடிச் சுத்துது?"

"ஏறிப் பார் ராசா. காசு குடுத்தாச்செல்லே."

"பொறுங்கோ, அம்மப்பா."

ராட்டினத்தை இயக்குபவர் என் வயதொத்த ஒருவர். சிரித்துக்கொண்டே, "தம்பி, இஞ்ச வாரும், காட்டுறன்" என்று அவனை மறுபக்கம் அழைத்துச் சென்றார். மோட்டாரின் சிறு சில்லிலிருந்து பெரிய சில்லுக்கு ஓடும் வார்ப்பட்டியைக் காட்டினார். சின்னச் சில்லுப் பலமுறை சுற்றினாற்றான் பெரிய சில்லு ஒருமுறை சுற்றும் என்றார். உள்வரிசைக் குதிரையும் வெளிவரிசைக் குதிரையும் ஒரே நேரத்தில் சுற்றி முடித்தாலும், வெளிவரிசைக் குதிரையே கூடுதலான தூரம் ஓடுகிறது என்பதையும் விளக்கினார். பையன் அதை நம்பவில்லை. காலடி வைத்து அளந்து பார்த்தான். இதற்கே கால்மணி நேரம் சென்றது. எனக்குப் பொறுமை குறைந்தது. "விடுங்கோ அப்பா, அவன் பாக்கட்டும்" என்றாள் மகள்.

மூன்று வயதுப் பேத்தியின் போக்கு இதற்கு நேர்மாறானது. அவள் ஒரு வெள்ளைக் குதிரையில் ஏறினாள்; இறங்க மறுத்தாள். புகைவண்டி காத்திருக்கிறது என்றோம். ஊஞ்சல் வெறுமனே கிடக்கிறது என்றோம். ஐஸ்பழம் வாங்கித் தருவதாகவும் ஆசை காட்டினோம். "இன்னொருக்கா" என்பதே அவளுடைய ஒரே விடை. நாலாவது முறையும் அதே குதிரை, அதே சுற்று, அதே சிரிப்பு. கூட்டமில்லாத வேளையாதலால் இயக்குபவரும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு குழந்தையும் தனக்குப் பிடித்த குதிரையைத் தெரிந்து அமரும் வரை அவர் மணியை அடிப்பதில்லை என்பதை அப்பொழுதுதான் கவனித்தேன்.

கச்சான் சுருளொன்றை வாங்கிக்கொண்டு வேம்பின் நிழலில் இருந்த வாங்கில் அமர்ந்தேன். வளர்ந்தவர்களாகிய நாம் இன்பத்தையும் கொள்முதற் பொருளாகவே கருதுகிறோம் என்று தோன்றிற்று. பணம் கொடுத்தாயிற்று, ஆகவே எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட வேண்டும், ஒன்று தவறினால் நட்டம். குழந்தைகளின் வணிகம் வேறு. ஒரு குதிரையை நான்கு முறை பெறுவது அவர்களுக்கு நான்கு மடங்கு இலாபம். குதிரை ஓடும் விதத்தை அறிவது, குதிரையில் ஏறுவதற்குச் சற்றும் குறைந்ததன்று. பெரிய களியாட்டப் பூங்காக்களில் இந்த வணிகம் நடவாது. வரிசையில் முக்கால்மணி நேரம் நின்று, மூன்று நிமிடம் சுற்றிவிட்டு, அடுத்த வரிசைக்கு ஓடவேண்டிய இடத்தில், சில்லுக்கும் வார்ப்பட்டிக்கும் உள்ள உறவை ஒரு சிறுவனுக்கு விளக்க யாருக்கு நேரமுண்டு?

உலகப் புகழ்பெற்ற களியாட்டப் பூங்கா ஒன்றின் கதையும் இத்தகைய ஒரு வாங்கிலேயே தொடங்கியது. அமெரிக்காவில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிறிபித் பூங்காவிலே, 1926 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட குடைராட்டினம் ஒன்று உண்டு. வோல்ட் டிஸ்னி தம் இரு பெண்குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்வார். குழந்தைகள் குதிரையிற் சுற்றுவர். தந்தையார் வாங்கில் அமர்ந்து கச்சான் கொறித்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழக்கூடிய ஓரிடம் இருந்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் தமக்கு எழுந்தது என்று அவரே பின்னாளிற் கூறியிருக்கிறார். அந்த எண்ணமே 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் திகதி டிஸ்னிலாந்தாகத் திறக்கப்பட்டது. பெரிய மனிதர் பெரிதாகவே எண்ணினார். அதிற் பிழை காண நான் முற்படவில்லை. ஆயினும் வேம்பின் கீழிருந்து கச்சான் கொறித்த இந்தச் சிறிய மனிதனுக்குத் தோன்றியது ஒன்றுண்டு. பிள்ளைகளோடு சேர்ந்து மகிழ்வதற்குப் புதிய நகரமொன்றை எழுப்பத்தான் வேண்டுமா? வாங்கிலிருந்து எழுந்து, பக்கத்துக் குதிரையில் ஏறியிருந்தாலும் போதுமே!

குடைராட்டினத்தின் பூர்வீகம் விந்தையானது. அதற்கு மேனாட்டார் வழங்கும் பெயர், சிறு சண்டை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது என்பர். குதிரை வீரர் ஆயுதப் பயிற்சியாக ஆடிய ஆட்டமே அது. பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி 1662 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அத்தகைய ஆட்டமொன்றைப் பெருவிழாவாக நடத்தினான். அது நடந்த சதுக்கம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. வீரருடைய குதிரை காலப்போக்கில் மரக்குதிரையாகி, மரக்குதிரை குழந்தைக்கு உரியதாயிற்று. போர் விளையாட்டாக மாறிய கதை அது. எம்முடைய மண்ணிலோ, பூவரசந் தடியைத் துவக்காகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் மதிலுக்குப் பின்னே பதுங்கி விளையாடியதையும், அவர்களிற் சிலருடைய கையில் அந்தத் தடி பின்னர் மெய்யான துவக்காகவே மாறியதையும் நாம் கண்டோம். விளையாட்டுப் போராக மாறிய கதை எங்களுடையது.

தமிழர் விளையாட்டின் அருமை அறியாதவரல்லர். கடவுளையும் பெரியோரையும் குழந்தையாக வைத்துப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்றொரு பிரபந்தத்தை ஆக்கியவர்கள் நாம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழோ ஊசலில் முடிகிறது. அதாவது, உலகை ஈன்ற அன்னையையும் ஊஞ்சலில் இருத்தி ஆட்டிப் பார்க்காமல் எம் புலவருக்கு மனம் நிறையவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் சிறப்பைப் பாட வந்த பட்டினப்பாலை, கோழியைத் துரத்த மகளிர் வீசிய காதணி, சிறுவர் உருட்டும் மூன்று கால் தேரை வழிமறித்தது என்று ஒரு காட்சியைக் காட்டுகிறது. நகரத்தின் பெருமைக்கு அளவுகோலாகக் குழந்தையின் தேரோடும் வழியை வைத்த புலவரை நான் வணங்குகிறேன். நம்முடைய நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிக்கூழையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் சிறுவர்க்குப் பாடிக் கொடுத்தாரெனின், வளவிலும் வயலிலும் ஓடித் திரிந்த பிள்ளைகளின் கண்கள் அவருக்கு இருந்தமையே காரணம்.

பனங்காய் வண்டிலும் கிளித்தட்டும் கொக்கானும் தைமாத வானத்தில் விண் கூவும் பட்டமும் எங்கள் தலைமுறைக்கு வாய்த்தன. சித்திரை பிறந்தால் வளவு மரத்தில் ஊஞ்சல் ஏறும். நானும் 1995 ஆம் ஆண்டுச் சித்திரையில், ஏழு வயதாயிருந்த என் மகளுக்கு மாமரத்திலே புதுத் தும்புக் கயிற்றில் ஓர் ஊஞ்சல் கட்டினேன். அவ்வாண்டு ஐப்பசி மாதம், ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தது. சைக்கிளில் மூட்டை கட்டக் கயிறு தேவைப்பட்டது. வேறு கயிறு கைக்கு அகப்படவில்லை, ஊஞ்சலை அறுத்தேன். மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊஞ்சற் பலகையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் என் பின்னே நடந்து வந்தாள். நாவற்குழிப் பாலத்தை அணுகியபோது, சனநெரிசலில் ஓரடி வைக்கவும் இடமில்லை. பலகையை எறியச் சொன்னேன். எறிந்தாள்.

மறுவருடம் ஊர் திரும்பினோம். மாமரம் நின்றது. ஊஞ்சல் கட்டலாம், கட்டலாம் என்றிருந்தேன். கூரை முதலில், கிணறு முதலில், பாடப் புத்தகம் முதலில் என்று நாட்கள் போயின. ஒருநாள் அவள் ஊஞ்சல் கேட்கும் வயதைக் கடந்துவிட்டிருந்தாள். இதற்கு நான் போரைக் குற்றஞ்சாட்டலாம். பாதிக்குமேல் அது நியாயமாகவும் இருக்கும். ஆனால் மீதிக் குற்றம் என்னுடையது. விளையாட்டு என்பது எல்லாம் சீரான பின்னர் கொடுக்கவேண்டிய ஒன்று என்று நான் நினைத்தேன். குழந்தைப் பருவம் எல்லாம் சீராகும்வரை காத்திருப்பதில்லை.

வேறு சிலர் அவ்வாறு நினைக்கவில்லை. டென்மார்க் நாடு நாஜிப் படைகளின் பிடியிற் கிடந்த 1943 ஆம் ஆண்டிலே, கொப்பன்ஹேகன் நகரின் எம்திறப் பகுதியில், சோரென்சன் என்னும் பூங்காச் சிற்பியின் திட்டப்படி ஒரு புதுவித விளையாட்டிடம் திறக்கப்பட்டது. அங்கே ஊஞ்சலும் இல்லை, ராட்டினமும் இல்லை. பழம் பலகை, செங்கல், கயிறு, சில்லு என்பவற்றைப் போட்டு, குழந்தைகளே வீடும் கோட்டையும் கட்டிக்கொள்ள விட்டனர். அழகான பூங்காவை விடக் கட்டடம் கட்டும் இடத்துக் குப்பையிலேயே குழந்தைகள் மகிழ்ந்து விளையாடுவதை அவர் கண்டிருந்தார். போர் முடிந்தபின் 1946 இல் அதனைப் பார்வையிட்ட ஹேற்வூட் அலன் சீமாட்டி, அந்த எண்ணத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். குண்டு விழுந்து வெறுமையாய்க் கிடந்த இலண்டன் நிலங்களில் பிள்ளைகளின் விளையாட்டிடங்கள் எழுந்தன. அதே கொப்பன்ஹேகனில் 1843 இல் திறக்கப்பட்ட திவோலிப் பூங்காவை 1944 ஆம் ஆண்டு நாஜிகளின் கையாட்கள் எரித்தழித்தனர். மக்கள் தற்காலிகக் கொட்டகைகள் போட்டுச் சில வாரங்களுக்குள் அதனை மீண்டும் திறந்தனர். உணவும் விறகும் அருமையாயிருந்த வேளையில் இது வீண்செலவன்றோ என்று கேட்பார் அங்கும் இருந்திருப்பர். குழந்தையின் சிரிப்பைப் பகைவன் கையில் ஒப்படைப்பதில்லை என்று அந்நகரத்தார் முடிவு செய்துகொண்டனர் என்றே நான் கருதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் சிறுவரின் உரிமையென்று கூறுகிறது. சலுகை என்று கூறவில்லை. உரிமை என்றே கூறுகிறது. இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தியது 1991 ஆம் ஆண்டு யூலை மாதத்தில். அதே மாதத்திலேதான் ஆனையிறவிற் பெருஞ்சமர் மூண்டது. எங்கள் வளவில் நான் பதுங்குகுழிக்குப் பனங்குற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். கடதாசியில் எழுதிய உரிமை கால்நடையாக வந்து சேர நெடுங்காலம் எடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆனால் போர் ஓய்ந்தது 2009 இல். இன்னமும் அது வந்து சேரவில்லை என்று சொல்வதற்கு இனி நமக்குச் சாக்கு இல்லை.

ஆகவே எமது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களிடம் ஒரு விண்ணப்பம். வானளாவிய இராட்டினங்களை நாம் கேட்கவில்லை. குழந்தை நடந்து செல்லக்கூடிய தூரத்தில் ஒரு சிறு நிலம் போதும். முதலில் மரம் நடுங்கள். எங்கள் வெயிலில் நிழலற்ற இரும்புச் சறுக்குப் பலகை தோசைக்கல்லாகிவிடும். ஊஞ்சலின் கீழே சீமெந்து போடாதீர்கள். ஆழமாக மணல் பரப்புங்கள். கடற்காற்றுச் சங்கிலியைத் தின்னும்; ஆதலால் திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்திற் பாதியையாவது, மாதந்தோறும் ஆணியும் சங்கிலியும் பார்க்கும் ஒரு தொழிலாளிக்கு ஒதுக்குங்கள். குடிநீரும் மலசலகூடமும் இல்லாத பூங்காவுக்குக் குழந்தையுள்ள எந்தத் தாயும் இரண்டாம் முறை வரமாட்டாள். நடக்கவியலாத பிள்ளையும் அமரக்கூடிய ஊஞ்சல் ஒன்றேனும் இருக்கட்டும்; எங்கள் மண்ணில் அத்தகைய பிள்ளைகள் ஏன் உள்ளனர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. கட்டணம் வைப்பதாயின், மூன்று பிள்ளைகளோடு வரும் ஒரு கூலித் தொழிலாளி வாசலில் நின்று கணக்குப் பார்க்காத அளவில் வையுங்கள். இறுதியாக, ஒரு வாங்கு போடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களையும் தனியார் வகுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கைத்தொலைபேசியே பிள்ளையின் விளையாட்டாகிவிட்டதென்று வருந்துவதிற் பயனில்லை. ஒரு மாலைப்பொழுதை, கணக்கில்லாமல், பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். என்னைப் போல நிமிடக் கணக்கு வைத்துக்கொண்டு போகாதீர்கள். எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்க விரும்பினால் நிற்கட்டும். ஒரே குதிரையில் நான்கு முறை ஏற விரும்பினால் ஏறட்டும்.

ஐந்தரை மணி பஸ் போய்விட்டது. பொழுது சாயும் வேளையில் பேரன் தன் ஆராய்ச்சியை முடித்து, வெளிவரிசைக் குதிரையையே தேர்ந்து ஏறினான். அதுவே கூடுதலாக ஓடுமாம். பேத்தியும் தன் வெள்ளைக் குதிரைக்கு விடைகொடுத்து இறங்கினாள். புறப்படலாம் என்று வாங்கிலிருந்து எழுந்தேன். பூங்காவின் மூலையில், பழைய வேம்பின் கொம்பிலே, பெரியவர்களும் அமரக்கூடிய கயிற்றூஞ்சல் ஒன்று கட்டியிருந்தது. மகள் அதன் அருகிற் சென்று கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பின்னர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகையில் அமர்ந்தாள்.

"அப்பா, ஒருக்கா ஆட்டி விடுங்கோ" என்றாள்.

ஆட்டிவிட்டேன். பிள்ளைகள் இருவரும் கைதட்டி எண்ணினார்கள். நூறு வரை எண்ணத் தெரிந்த பேரன் நூறு வரை எண்ணினான். அதன்பின் பேத்தி தனக்குத் தெரிந்த ஒன்று, இரண்டு, மூன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். என் கை நோகும்வரை ஆட்டினேன். முப்பது வருடக் கடனை ஒரு மாலையில் அடைத்துவிட்டேன் என்று கூறமாட்டேன். வட்டியிற் சிறிதளவு கட்டியிருப்பேன்.

அச்சுப்படிகள் ஞாயிறு வரை காத்திருந்தன. அவசரத்தில் திருத்தினேன். இவ்விதழில் எழுத்துப்பிழைகள் சில தப்பியிருப்பின், வாசகர்கள் பொறுத்தருள்க.